பணம் கட்டும் முன் அரை நாள் தேடுங்கள்

எனக்கு அப்போது இருபது வயது. எஸ்.பி.எம். ரிசல்ட் சுமார். சுங்கை பட்டாணி டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்தேன். கட்டணம் 1,800 வெள்ளி. அப்பா பால்மரம் வெட்டிய காசு பாதி, அம்மா போட்டிருந்த சீட்டு பாதி. முடித்ததும் தங்க நிற முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். அதற்குப் பிளாஸ்டிக் உறை தனியாக ஐந்து வெள்ளி.

கூலிமில் இன்டர்வியூ. எச்.ஆர். அம்மா சான்றிதழை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார், மறுபடியும் முன்பக்கம். “எம்.எல்.வி.கே. இல்லையா?” என்று மட்டும் கேட்டார். அந்த நாலு எழுத்து என்னவென்றே எனக்குத் தெரியாது. ஆபரேட்டர் வேலை கிடைத்தது. அதற்குச் சான்றிதழே தேவைப்படவில்லை.

பிறகு அதே மாதிரி ஒரு ஃபேக்டரியின் டிரெய்னிங் பிரிவில் உட்கார்ந்து, பல வருடம் மற்றவர்களின் சான்றிதழ்களைத் திருப்பிப் பார்ப்பதே எனக்குப் பிழைப்பானது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்த கோர்ஸ் நல்லது என்று இங்கே சிபாரிசு இல்லை. எங்கே தேடுவது, எதை நம்புவது, யார் காசில் படிப்பது, அவ்வளவுதான்.

நிலைமையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பத்தானி பாரா, ஹார்வர்ட், படேனோக், ஹென்ரியெட்டா, விக்டோரியா, டப்ளின் என்று தோட்டப் பெயர் சொல்லி ஊர் சொன்ன தலைமுறை நம்முடையது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குக் குறைந்த ஆளே போதும். தோட்டம் துண்டாடப்பட்டது, லயம் காலியானது. சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ் தாமான்களுக்கு ஜனம் வந்தது. 1996இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்தது. இன்டெல், இன்ஃபினியன், ஃபர்ஸ்ட் சோலார், ஏ.டி. அண்ட் எஸ் எல்லாம் அங்கேதான். 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் தன் சிலிக்கான் கார்பைடு ஆலையின் முதல் கட்டத்தையும் அங்கே திறந்துவிட்டது. பாடாங் செராயிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வரும் தூரம்.

வேலை பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலிக்கு ஜித்ரா பாலிடெக்னிக்கும் கூலிம் பாலிடெக்னிக்கும் டிப்ளோமாக்காரர்களைத் தயார் செய்கின்றன. பினாங்கிலிருந்து பாலம் தாண்டியும் வருகிறார்கள். கையில் சரியான காகிதம் இல்லாதவர் குறைந்தபட்சச் சம்பளத்தில் நிற்பார். 2025 பிப்ரவரியிலிருந்து அது 1,700 வெள்ளி. ஓ.டி. போட்டு ஏற்றலாம். முதுகு தாங்கும் வரை.

1. கோர்ஸ் விளம்பரத்தை மூடுங்கள், வேலை விளம்பரத்தைத் திறங்கள்

நம் ஆட்கள் செய்யும் முதல் தப்பு, “என்ன கோர்ஸ் இருக்கு?” என்று ஆரம்பிப்பது. கோர்ஸ் விற்பவரிடம் கேட்டால் அவரிடம் இருப்பதைத்தான் சொல்வார்.

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்துக்குப் போங்கள். இலவசம். கெடா, கூலிம், டெக்னீஷியன் என்று தட்டுங்கள். உங்களுக்குப் பிடித்த பத்து விளம்பரங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள், கையால். காப்பி-பேஸ்ட் செய்தால் கண் படிக்காது. எந்தச் சொல் நாலைந்து முறை திரும்ப வருகிறதோ, அதை அடிக்கோடிடுங்கள். பி.எல்.சி., பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ், எஸ்.கே.எம். மூன்று, சார்ஜ்மேன் என்று ஏதாவது வரும். நீங்கள் தேட வேண்டிய கோர்ஸ் அந்த அடிக்கோட்டில் இருக்கிறது.

சம்பளம் எவ்வளவு என்று விளம்பரத்தில் போடாவிட்டால் புள்ளிவிவரத் துறையின் ஓபன்டோசம் தளத்தைப் பாருங்கள். முறைசார் துறை ஊதிய அறிக்கையைக் காலாண்டுக்கு ஒரு முறை வெளியிடுகிறார்கள். மாநில வாரியாக, துறை வாரியாக இருக்கும். சராசரியைப் பார்க்காதீர்கள். சராசரியில் மேனேஜிங் டைரக்டர் சம்பளமும் சேர்ந்திருக்கும். மீடியன், அதாவது நடுவில் நிற்பவரின் சம்பளம், அதுதான் உங்களுக்கு உதவும் எண். இன்டர்வியூவில் “எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?” என்று கேட்கும்போது தலையைச் சொறியாமல் ஒரு தொகை சொல்ல இந்த எண் கைகொடுக்கும்.

இன்னும் ஒரு பட்டியல் உண்டு. டேலண்ட்கோர்ப் வெளியிடும் மைகோல். நாட்டில் எந்த வேலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும் பட்டியல். பெரும்பாலும் டிகிரி வேலைகள்தான். பிள்ளைகளை எதில் படிக்க வைக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு உதவும். உங்களுக்கு அவசரமில்லை.

2. காகிதத்தில் ஜாதி உண்டு

எல்லா சான்றிதழும் ஒன்றல்ல. எச்.ஆர். மேசையில் நான் பார்த்த வரையில் இவை நாலு வகை.

முதலாவது, ‘கலந்துகொண்டார்’ சான்றிதழ். ஒரு நாள் செமினார், ஒரு பை, ஒரு மதியச் சாப்பாடு, பேனருக்கு முன்னால் குரூப் போட்டோ. நம் சமூகத்தில் இதற்குக் குறைவே இல்லை. பேச்சாளர் அழ வைப்பார், சிரிக்க வைப்பார், கடைசியில் எல்லாரையும் எழுந்து கை தட்டச் சொல்வார். போய் வாருங்கள், சாப்பாடு நன்றாக இருக்கும். ரெஸ்யூமேயில் போடாதீர்கள்.

இரண்டாவது, எஸ்.கே.எம்., அதாவது சிஜில் கெமாஹிரான் மலேசியா. ஒன்றிலிருந்து மூன்று நிலை வரை சான்றிதழ். நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை அட்வான்ஸ்டு டிப்ளோமா. கொடுப்பது மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே. என்னிடம் அந்த அம்மா கேட்ட எம்.எல்.வி.கே.தான் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஜே.பி.கே. ஆனது. பழைய ஆட்கள் இன்னும் எம்.எல்.வி.கே. என்றே சொல்வார்கள். ஃபேக்டரியில் ‘கொஞ்சம் தெரிந்தவர்’ என்பதற்கும் ‘டெக்னீஷியன்’ என்பதற்கும் நடுவில் இருக்கும் கோடு பெரும்பாலும் எஸ்.கே.எம். மூன்று.

மூன்றாவது, சட்டம் கேட்கும் காகிதம். இதைத்தான் நம்மவர்கள் கவனிப்பதே இல்லை. மின்சார நிறுவல் உள்ள பெரிய ஃபேக்டரிக்குச் சார்ஜ்மேன் வேண்டும். வயரிங் வேலைக்கு வயர்மேன் வேண்டும். இரண்டுக்கும் சான்று தருவது எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகா. பாய்லரை ஓட்டத் தகுதிச் சான்று பெற்ற ஆள் வேண்டும். அதைத் தருவது வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜே.கே.கே.பி. கட்டுமான இடத்துக்குள் கால் வைக்க சி.ஐ.டி.பி. அட்டை. இந்த ஆள் இல்லாவிட்டால் கம்பெனிக்குச் சட்டச் சிக்கல். அதனால் மேனேஜர் இவரிடம் பேசும் தொனியே வேறு. கோல கெட்டில் பக்கம் செம்பனை ஆலைகளில் பாய்லர் பக்கத்தில் பத்து வருடம் ‘ஹெல்ப்பர்’ என்றே நின்றவர்களை எனக்குத் தெரியும். கேஜைப் பார்க்காமல், சத்தத்தை வைத்தே பிரஷரைச் சொல்வார்கள். பரீட்சைக்கு மட்டும் போனதில்லை. எத்தனை காலம் நின்றீர்கள் என்பதற்குப் பதிவு கேட்பார்கள். அந்தப் பதிவை இன்றிலிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள்.

நாலாவது, கல்லூரி, பல்கலைக்கழகக் காகிதம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

3. மைஸ்பைக்கில் அரை மணி நேரம்

ஜே.பி.கே.யின் மைஸ்பைக் தளத்தைத் தெரிந்துகொள்ளாமல் எந்தத் திறன் கோர்ஸுக்கும் ஒரு வெள்ளி கூடக் கட்டாதீர்கள். அதில் இரண்டு வேலை செய்யுங்கள்.

முதலில் மையத்தைத் தேடுங்கள். ‘எங்கள் மையம் அங்கீகாரம் பெற்றது’ என்று பேனரில் போட்டிருக்கும். எந்த அங்கீகாரம்? எந்தத் துறைக்கு? எந்த நிலைக்கு? இரண்டாம் நிலைக்கு அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு மூன்றாம் நிலைக்கு ஆள் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். மையத்தின் பெயர், துறை, நிலை மூன்றும் பட்டியலில் ஒத்துப்போனால்தான் அடுத்த பேச்சு. கம்பெனிகளின் பயிற்சி நிதியை நிர்வகிக்கும் எச்.ஆர்.டி. கோர்ப்பில் பதிவு இருப்பது வேறு, ஜே.பி.கே. அனுமதி வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்பது பழைய வித்தை.

பிறகு நோஸ். ஒவ்வொரு வேலைக்கும் ஜே.பி.கே. எழுதி வைத்திருக்கும் தர ஆவணம் இது. இந்த வேலையில், இந்த நிலையில், ஒருவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரி வரியாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஆவணத்துக்கு ஒரு குறியீடு இருக்கும். கடைசியில் ஆண்டு. ஆண்டுக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எண்தான் நிலை. விளம்பரத்தில் மூன்று என்று சொல்லிவிட்டு ஃபாரத்தில் இரண்டு இருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

நோஸைத் திறந்ததும் பயந்துவிடாதீர்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ நூறு பக்கம் ஓடும். நேராகக் ‘காம்பிடன்சி யூனிட்’ பட்டியலுக்குப் போங்கள். பென்சில் எடுங்கள். தெரிந்ததற்கு டிக், பாதி தெரிந்ததற்குக் கோடு, தெரியாததற்கு வட்டம். வட்டம் இரண்டோ மூன்றோதான் என்றால் நீங்கள் முழுநேர கோர்ஸில் ஒரு வருடம் உட்காரத் தேவையில்லை. கீழே படியுங்கள்.

4. தெரிந்த வேலைக்கு மறுபடி பள்ளிக்கூடம் எதற்கு?

பி.பி.டி. முன்பே அடைந்த திறமைக்கு அங்கீகாரம் என்று அர்த்தம். வகுப்பில் உட்காராமல், நீங்கள் இதுவரை செய்த வேலையையே சான்றாகக் காட்டி எஸ்.கே.எம். வாங்கும் வழி. கெடாவில் எத்தனை நூறு நம் ஆட்களுக்கு இது பொருந்தும் என்று நினைக்கும்போது, ஏன் இதைக் கோயில் மண்டபத்தில் மைக் வைத்துச் சொல்லவில்லை என்று கோபம் வருகிறது.

பீடோங்கில் என் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர். ஆலை ஒர்க்‌ஷாப்பில் பதினாறு வருடம் வெல்டிங். சம்பள ஸ்லிப்பில் ‘ஜெனரல் ஒர்க்கர்’. போன வருடம் அவருக்கு மேல் வந்த பையன் இருபத்து மூன்று வயது, எஸ்.கே.எம். மூன்று. வேலை சொல்லிக் கொடுத்தது அண்ணன்தான்.

“எனக்கு எழுத வராது தம்பி” என்றார். அவர் வீட்டுத் திண்ணையில் நோஸை விரித்தோம். எலெக்ட்ரோடு தேர்ந்தெடுப்பது என்று ஒரு வரி. “இதுல என்ன எழுதறது?” என்றார். செவன்-ஜீரோ-ஒன்-எய்ட் குச்சியை எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான், பத்து நிமிஷம் நிற்காமல் பேசினார். மழைக்காலத்தில் அந்தக் குச்சி ஈரம் இழுக்கும், அப்படியே பிடித்தால் வெல்டுக்குள் ஓட்டை விழும், பிறகு விரிசல் விடும், அதனால் ஓவனில் காய வைத்துச் சூடாகவே எடுப்பேன், டப்பா திறந்த தேதியை மூடியில் எழுதி வைப்பேன். அந்த மூடியைப் போட்டோ எடுங்கள் என்றேன். அது ஒரு பக்கம்.

போர்ட்ஃபோலியோ என்பது இதுதான். நோஸின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆதாரம். நீங்கள் வேலை செய்யும் போட்டோ (முகமும் கையும் தெரிய வேண்டும்), ஜாப் கார்டு, வரைபடம், சூப்பர்வைசர் கையெழுத்திட்ட கடிதம், பழைய டிரெய்னிங் பேப்பர். இதை மதிப்பீட்டு அதிகாரி பார்ப்பார், வெளியிலிருந்து வரும் சரிபார்ப்பு அதிகாரி பார்ப்பார், கேள்வி கேட்பார். அண்ணனின் ஆதாரம் பாதி ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. மீதியைக் கம்பெனி ஸ்டோரில் தேட வேண்டியிருந்தது. கம்பெனி மாறும்போது நம்மவர்கள் ஜாப் கார்டு, லெட்டர் எதையும் கேட்டு வாங்குவதில்லை. வேலையை விடும் வாரத்தில் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் கேட்டில் கார்டே உள்ளே விடமாட்டார்.

மூன்று எச்சரிக்கை. பி.பி.டி. நடத்த அனுமதி பெற்ற மையம் வழியாகத்தான் போக வேண்டும். கட்டணத்தை வரி வரியாக எழுத்தில் வாங்குங்கள்: பதிவு எவ்வளவு, மதிப்பீடு எவ்வளவு, வழிகாட்டல் எவ்வளவு. “பணம் கட்டுங்க, ஃபைலை நாங்களே எழுதித் தர்றோம்” என்பவரிடம் போகாதீர்கள். சரிபார்ப்பு அதிகாரி “இந்தப் போட்டோவில் என்ன ஆம்பியர் வைத்தீர்கள்?” என்று கேட்கும்போது ஏஜென்ட் பக்கத்தில் இருக்கமாட்டார்.

தனியாக எழுதினால் பாதியில் நின்றுவிடும். நாலு பேர் சேருங்கள், வாரம் ஒரு ராத்திரி. 1946-47இல் இதே பீடோங் ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து ஏ.எம். சாமி தொண்டர் படை திரட்டி, கள்ளுக்கடைக்கு எதிராகக் கெடா தோட்டங்களையே ஒன்று சேர்த்தார். வாட்ஸ்அப் இல்லாத காலம். நாலு பேரை ஒரு திண்ணையில் உட்கார வைப்பது அவ்வளவு கடினமில்லை.

5. யார் காசு?

உங்கள் காசு கடைசி. அதற்கு முன் மூன்று இடம் இருக்கிறது.

எச்.ஆர்.டி. கோர்ப் லெவி. பத்தோ அதற்கு மேலோ மலேசியத் தொழிலாளர்கள் உள்ள கம்பெனி மாதச் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டைப் பயிற்சி நிதியாகக் கட்டியாக வேண்டும். 1993இல் தொழிற்சாலைகளோடு தொடங்கியது, 2021இல் ஏறக்குறைய எல்லாத் துறைக்கும் விரிந்தது. இதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 பேர், ஆளுக்கு 1,700 என்றால் மாதம் 3,400 வெள்ளி, வருடம் 40,800 வெள்ளி. அந்தப் பணம் பயிற்சிக்கு மட்டும்தான். நீண்ட காலம் பயன்படுத்தாமல் விட்டால் கம்பெனிக்கும் இல்லாமல் போகும். அந்தப் பணத்தில் யாரை அனுப்புகிறார்கள்? கேட்பவரை.

கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. “பாஸ், எனக்கு கோர்ஸ் வேணும்” என்று டீ டைமில் கேட்டால் “பார்க்கலாம்” என்பார். பிறகு பார்க்கமாட்டார். ஈமெயில் போடுங்கள், ஐந்து வரி. மூன்றாவது லைன் மெஷின் போன மாதம் ஏழு முறை நின்றது. வெளி டெக்னீஷியனைக் கூப்பிட்ட செலவு இவ்வளவு. இந்த பி.எல்.சி. கோர்ஸ் மூன்று நாள், எச்.ஆர்.டி. கோர்ப்பில் கிளைம் செய்யலாம், சுங்கை பட்டாணி கிஸ்மெக் மாதிரி பயிற்சி மையத்தில் தேதி கேட்டுவிட்டேன். அந்த மூன்று நாள் என் ஷிப்டை இன்னார் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். முடிவு சொல்லுங்கள். இதில் பாஸ் மறுக்க ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட மட்டும் இருக்கிறது.

அனுப்பும்போது ‘பாண்ட்’ நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று நாள் கோர்ஸுக்கு இரண்டு வருடம் கட்டிப்போடுவதா? பேரம் பேசுங்கள். ஆறு மாதத்துக்கு இறங்குவார்கள்.

எஸ்.ஐ.பி. உங்கள் ஸ்லிப்பில் மாதம் மூன்று வெள்ளிச் சில்லறை பிடிப்பது இதற்குத்தான். 2018இலிருந்து பெர்கேசோ நடத்தும் வேலை காப்புறுதி. வேலை போனால் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலை தேடும் அலவன்ஸ் முதல் மாதம் உங்கள் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு 40, 40, 30, 30. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது நீங்கள் எவ்வளவு காலம் சந்தா கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. அதோடு பயிற்சிக் கட்டணம் 4,000 வெள்ளி வரை, படிக்கும் நாளுக்கு 10 முதல் 20 வெள்ளி. இந்த 4,000தான் நம்மவர்கள் விட்டுவிடும் பணம். அலவன்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு கிராப் ஓட்டப் போய்விடுகிறார்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நீங்களாக ராஜினாமா செய்தால் எஸ்.ஐ.பி. கிடைக்காது. ஆள் குறைக்கும்போது சில மேனேஜர்கள் தோளில் கை போட்டு, “ரிசைன் லெட்டர் கொடுத்துடுங்க, ரெக்கார்டு கிளீனா இருக்கும்” என்பார்கள். யாருடைய ரெக்கார்டு? “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்று எழுந்து வாருங்கள். அன்றே சுங்கை பட்டாணி பெர்கேசோ ஆபீஸில் போய்க் கேளுங்கள்.

மூன்றாவது, பி.டி.பி.கே. கடன். அங்கீகாரம் பெற்ற மையத்தில் எஸ்.கே.எம். படிக்க. கடன் என்பது கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும். இளையவர்கள் அதற்குமுன் அரசுப் பயிற்சி நிலையங்களைப் பாருங்கள். மனிதவளத் துறையின் அட்டெக் கூலிமில் இருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டினால் நிபோங் திபாலில் நம்மவரான ஆறுமுகம் பிள்ளை பெயரிலேயே ஒரு தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. பெயரைப் பார்த்தாவது நாலு பேர் விண்ணப்பிக்க வேண்டாமா? எஸ்.பி.எம். முடித்தவர்கள் யு.பி. டிவெட் தளத்தில் ஒரே ஃபாரத்தில் பல நிலையங்களுக்குப் போடலாம். வார இறுதியில் சின்னக் கட்டணத்தில் கற்க சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் கொலேஜ் கொமுனித்தி இருக்கிறது. பேக்கரி, ஏர்கோன் சர்வீஸ், எக்செல் என்று குறுகிய கோர்ஸ் போடுவார்கள். எச்.ஆர்.டி. கோர்ப்பின் ஈ-லாத்தே தளம் முழுக்க இலவசம். அதன் சான்றிதழ் தனியாக வேலை வாங்கித் தராது. ஆனால் இன்டர்வியூவில் “போன மாதம் ராத்திரி ஷிப்ட் முடிந்து இதைச் செய்தேன்” என்று சொல்லும்போது எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். நான் நிமிர்ந்திருக்கிறேன்.

6. முப்பத்தைந்து வயதில் டிகிரி

எஸ்.பி.எம். சரியில்லை, வாழ்க்கை ஓடிவிட்டது என்பவர்களுக்கு ஏப்பல். உயர்கல்வித் தகுதிகளை அங்கீகரிக்கும் எம்.கியூ.ஏ. வகுத்த வழி. அனுபவத்தைக் கணக்கில் எடுத்து உள்ளே விடுவார்கள். டிப்ளோமாவுக்கு 20 வயது, டிகிரிக்கு 21, மாஸ்டர்ஸுக்கு 30 நிறைந்திருக்க வேண்டும். ஒரு தேர்வு உண்டு, போர்ட்ஃபோலியோ உண்டு. ஓபன் யூனிவர்சிட்டி மலேசியா சுங்கை பட்டாணியிலேயே மையம் வைத்திருக்கிறது. கோர்ஸ் உண்மையானதா என்று எம்.கியூ.ஏ.யின் எம்.கியூ.ஆர். பட்டியலில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த டிகிரி என் கம்பெனியில் எந்த நாற்காலியைத் திறக்கும்? பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தைச் சார்ஜ்மேன் சான்றுக்குப் போடுவேன், நான்.

7. தோட்ட அனுபவத்தை மறைக்காதீர்கள், மொழிபெயர்த்துப் போடுங்கள்

ரெஸ்யூமேயில் ‘2009-2016: எஸ்டேட்’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். வெட்கமா, அலட்சியமா தெரியவில்லை. மண்டோராக இருந்தீர்களா? விடியற்காலை பெரட்டில் முப்பது பேரை எண்ணி, ஆள் வராத இடத்துக்கு ஆள் மாற்றி, சாயங்காலம் எடை போட்டுக் கணக்கு எழுதிக் கிராணியிடம் கொடுத்தவர் நீங்கள். ஃபேக்டரி மொழியில் அதற்கு மேன்பவர் பிளானிங், அட்டெண்டன்ஸ், புரொடக்‌ஷன் ரிப்போர்ட். அப்படியே எழுதுங்கள், எண்ணோடு எழுதுங்கள். பூச்சிமருந்து அடித்தவர் கெமிக்கல் ஹேண்ட்லிங், பி.பி.இ. அணிந்த அனுபவம் என்று எழுதலாம், உண்மையாக அணிந்திருந்தால்.

ரெஸ்யூமே ஒரே பக்கம். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும், எழுத்துப் பிழை வேண்டாம். வேலைப் பெயர்களை நோஸில் உள்ளபடியே போடுங்கள். இன்டர்வியூக்குப் பத்து நிமிடம் முன்னால் கேட்டில் இருங்கள். கார்டிடம் பேசும் தொனியும் உள்ளே போய்ச் சேரும். பல கம்பெனியில் கார்டு நம் ஊர்க்காரர்தான், அவரே போன் போட்டு உள்ளே சொல்லிவிடுவார்.

8. இன்னும் ஆழமாகத் தோண்ட விரும்புபவர்களுக்கு

எச்.ஆர். அசிஸ்டென்ட், டிரெய்னர் ஆக நினைப்பவர், சங்கத்தில் பயிற்சி ஏற்பாடு செய்பவர், இந்தப் பகுதி உங்களுக்கு. சிந்தோக்கில் உள்ள யு.யு.எம். நம் மாநிலத்துப் பல்கலைக்கழகம். அதன் மாணவர் ஆய்வேடுகள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. ‘டிரெய்னிங்’, ‘கெடா’, ‘மேனுஃபாக்சரிங்’ என்று தேடுங்கள். பயிற்சி கொடுத்தும் ஆள் ஏன் மாறவில்லை, சூப்பர்வைசர் ஆதரவு இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்றெல்லாம் ஃபேக்டரிகளில் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பின்னால் உள்ள கேள்வித்தாள்தான் பொக்கிஷம். உங்கள் கம்பெனியில் பயிற்சித் தேவையைக் கண்டுபிடிக்க நீங்களே கேள்வி தயாரிக்க அது மாதிரியாக இருக்கும்.

நாட்டு அளவில் இல்மியா. தொழிலாளர் சந்தை பற்றிய ஆய்வுக்கென்றே மனிதவள அமைச்சின் கீழ் 2012இல் அமைக்கப்பட்டது. உலக அளவில் தொழிற்பயிற்சி ஆய்வுகளுக்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து என்.சி.வி.இ.ஆர். நடத்தும் வோசெட்பிளஸ் என்ற தேடுதளம். இலவசம், முதியோர் கல்வி முதல் அப்ரெண்டிஸ் வரை எல்லாம் கிடைக்கும். ஹாம்பர்க்கில் யுனெஸ்கோவின் வாழ்நாள் கல்வி நிலையம் இருக்கிறது. கொள்கை எழுதுபவர்களுக்கு அது. உங்களுக்கு முதலில் யு.யு.எம். போதும்.

டிரெய்னர் ஆக வேண்டுமென்றால் பயிற்றுநருக்கான டி.டி.டி. சான்றை எச்.ஆர்.டி. கோர்ப் வழியாக வாங்குங்கள். எஸ்.கே.எம். மையத்தில் சொல்லிக் கொடுக்க வி.டி.ஓ. கேட்பார்கள். ஷா ஆலாம் சியாஸ்ட் அதற்குப் பெயர் பெற்றது. நம் சமூகத்தில் மேடைப் பேச்சாளருக்குப் பஞ்சமில்லை. தமிழில் ஒரு லேத் மெஷினைப் பிரித்துக் காட்டிச் சொல்லிக் கொடுப்பவருக்குத்தான் பஞ்சம்.

தேடல் அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். ஐ.சி., கடைசி மூன்று மாத ஸ்லிப், பழைய லெட்டர்கள், ஒரு பென்சில் எடுத்து வையுங்கள்.

அண்ணனின் ஃபைல் இப்போது என் மேசையில் இருக்கிறது. முப்பத்தோராம் பக்கம் வரை வந்திருக்கிறார். மேல்நோக்கிப் பிடித்து வெல்டு அடிக்கும் போட்டோ ஒன்று குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆலை நிற்கும்போது எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.